பிரிண்டில் இல்லாத கட்டுமரம்

கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் 1994ஆம் ஆண்டு எடுத்த ஒரு வண்ணப்படம் எங்கள் வீட்டு ஆல்பத்தில் இருக்கிறது. வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக அப்பா நிற்கிறார். அவருக்குப் பின்னால் கடலும் வானமும் ஒன்றாகி வெறும் வெள்ளையாகத் தெரிகின்றன. பல ஆண்டுகள் கழித்து, அதே படத்தின் நெகட்டிவை வீட்டு ஸ்கேனரில் வைத்துப் படித்தபோது அந்த வெள்ளைக்குள்ளிருந்து தொடுவானக் கோடு வந்தது, மேகங்கள் வந்தன, அப்பாவின் இடது தோளுக்கு அப்பால் கரை திரும்பும் ஒரு கட்டுமரமும் வந்தது. பிலிம் அதையெல்லாம் அன்றே பதிந்து வைத்திருந்தது. காகிதத்தால்தான் காட்ட முடியவில்லை. நல்ல பிரிண்ட் காகிதத்தில் மிக வெளுத்த இடத்துக்கும் மிகக் கறுத்த இடத்துக்கும் உள்ள ஒளி வேறுபாடு ஏறத்தாழ நூறு மடங்குதான். வண்ண நெகட்டிவ் தாங்கும் வெளிச்ச வேறுபாடு அதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், ஸ்டுடியோவில் பிரிண்ட் போடும்போது ஒரு பகுதியைக் காப்பாற்ற இன்னொரு பகுதியைக் கைவிட வேண்டியிருந்தது. ஆகவே பழைய படங்களைக் கணினியில் ஏற்ற நினைப்பவர்கள் பிரிண்டை ஸ்கேன் செய்வதோடு நிறுத்திவிடாமல், ஆல்பத்தின் பின்னுறையில் கிடக்கும் நெகட்டிவைத் தேடி எடுக்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

ஆனால் ஆவணங்களை நகலெடுக்கும் சாதாரண ஸ்கேனரில் நெகட்டிவை வைத்து மூடினால், ஏறக்குறைய முழுக் கறுப்பான ஒரு படமே கிடைக்கும். காகிதத்தைப் படிக்கும் ஸ்கேனர் கண்ணாடிக்குக் கீழிருந்து ஒளியைப் பாய்ச்சி, தாளில் பட்டுத் திரும்பும் ஒளியை அளக்கிறது. பிலிமின் கதை வேறு. அதில் படம் என்பது எந்த இடத்தில் எவ்வளவு ஒளி ஊடுருவிச் செல்கிறது என்பதுதான். கீழிருந்து வரும் ஒளி பிலிமைக் கடந்து, மூடியின் உட்புற வெள்ளைப் பரப்பில் பட்டு, மீண்டும் பிலிமைக் கடந்து திரும்ப வேண்டியிருக்கிறது. பத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும் ஓரிடம், இப்படி இருமுறை கடக்கும்போது நூறில் ஒரு பங்கை மட்டுமே திருப்பித் தரும். போதாததற்கு, பிலிமின் நிழல் மூடியின்மேல் விழுந்து சற்று விலகிய இன்னொரு படமாகக் கலந்துவிடும். இதனால்தான் பிலிம் படிக்கும் ஸ்கேனர்களின் மூடியிலேயே தனி விளக்கு இருக்கிறது. பிலிமைப் படிக்கும்போது கீழ்விளக்கு அணைந்து, மேலிருந்து வரும் ஒளி ஒரே ஒருமுறை பிலிமைக் கடந்து கீழே இறங்குகிறது. ஸ்கேனர் வாங்கும்போது இந்த மேல்விளக்கு இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மெல்லியதாக, விலை குறைவாக வரும் ஸ்கேனர்களில் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. அவற்றின் உணரி கண்ணாடியை ஒட்டியிருக்கும் பொருளை மட்டுமே தெளிவாகப் பார்க்கும்.

மேல்விளக்கு உள்ள ஸ்கேனருக்குள் நடப்பது எளிமையானது. பிலிமைக் கடந்த ஒளி சில கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி, ஒரு லென்ஸ் வழியாகச் சுருங்கி, சிசிடி எனப்படும் உணரியின்மேல் ஒரு மெல்லிய கோடாக விழுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வரிசைகளாக அமைந்த அந்த உணரி ஒரு கோட்டைப் படித்து முடித்ததும், மோட்டார் உணரியைத் தாங்கிய வண்டியை ஒரு துளி நகர்த்துகிறது. அடுத்த கோடு படிக்கப்படுகிறது.

35 மி.மீ. பிலிமில் ஒரு படத்தின் அளவு 24க்கு 36 மி.மீ. மட்டுமே. கடிதங்களுக்கு நாம் வைக்கும் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில் இதைப் படித்தால் 283க்கு 425 பிக்சல்தான் கிடைக்கும்; ஒரு தபால்தலை அளவுக்கு மேல் அதைப் பெரிதாக்க முடியாது. 2400 டிபிஐ வைத்தால் 2268க்கு 3402 பிக்சல், அதாவது 77 லட்சம் பிக்சல் கிடைக்கிறது. 8க்கு 12 அங்குலப் பிரிண்டுக்கு இது ஏறத்தாழப் போதும். அட்டைப்பெட்டியில் 6400, 9600 என்று அச்சிட்டிருக்கும் எண்ணைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. அந்த எண் உணரியின் புள்ளிகளையும் மோட்டாரின் நகர்வையும் கணக்கிட்டுச் சொல்லப்படுவது. இடையில் இருக்கும் லென்ஸ் அவ்வளவு நுணுக்கத்தைக் கடத்துவதில்லை என்பதால், வீட்டு ஸ்கேனர்களில் உண்மையாகக் கிடைக்கும் தெளிவு அதில் பாதிகூட இருக்காது. நம்முடைய கருவியின் எல்லையை நாமே கண்டறியலாம். புதுச்சேரி நேரு வீதியில் எடுத்த ஒரு நெகட்டிவை, கடைப் பெயர்ப்பலகைகள் நிறைந்திருப்பதால், இதற்கென்றே வைத்திருக்கிறேன். அதை 1600, 2400, 3200, 4800 என்று ஏற்றிக்கொண்டே படித்து, பலகையின் சிறிய எழுத்துகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 2400க்கு மேல் கோப்பின் அளவு கூடியதே தவிர எழுத்து கூடுதலாகத் தெளியவில்லை. வீட்டில் அக்ஃபா கிளிக் 3 போன்ற பெட்டிக் கேமராவில் எடுத்த 120 பிலிம் இருந்தால், அதில் படத்தின் ஒரு பக்கமே 56 மி.மீ. என்பதால் வீட்டு ஸ்கேனருக்கு அது மிகவும் ஏற்றது. 1600 டிபிஐ அளவிலேயே நிறைவான படம் வரும்.

தெளிவைக் கெடுக்கும் இன்னொரு காரணம் உயரம். பெரும்பாலான வீட்டு ஸ்கேனர்களில் லென்ஸின் குவியம் மாற்ற முடியாதபடி நிலையாக அமைந்திருக்கிறது. பிலிமைப் பிடிக்கும் பிளாஸ்டிக் சட்டம் அதைக் கண்ணாடிக்கு மேல் சில மில்லிமீட்டர் தூக்கி, அந்தக் குவியத்தில் நிறுத்துவதற்காகவே செய்யப்பட்டது. சட்டத்தின் உயரம் கருவிக்குக் கருவி சற்று மாறும். சாதாரண ஏ4 தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ.; தாளைத் துண்டுகளாக்கிச் சட்டத்தின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே ஸ்கேன் செய்தால், எந்த உயரத்தில் பிலிமின் மணிகள், அதாவது படத்தை உருவாக்கும் நுண்புள்ளிகள், கூர்மையாகின்றன என்பது தெரிந்துவிடும். சட்டத்தின் தலைப்பகுதியில் ஒரு வெற்றுத் துளை இருக்கும். ஒவ்வொரு முறையும் ஸ்கேனர் அதன் வழியாக வரும் முழு ஒளியை அளந்துகொண்ட பிறகே படத்துக்கு வருகிறது. ஒருமுறை அந்தத் துளையில் ஒரு நூலிழை கிடந்ததைக் கவனிக்காமல் ஒரு மாலை முழுவதும் ஸ்கேன் செய்தேன். எல்லாப் படங்களிலும் மேலிருந்து கீழ்வரை ஒரே இடத்தில் ஒரு கோடு ஓடியிருந்தது.

வண்ண நெகட்டிவைப் பார்க்கும் எவருக்கும் அதன் ஆரஞ்சு நிறம் பழமையால் வந்த கறை என்றே தோன்றும். உண்மையில் அது திட்டமிட்டுச் சேர்க்கப்பட்டது. பிலிம் வேதியியலில் நான் மிகவும் வியக்கும் ஏற்பாடும் அதுதான். நெகட்டிவில் சயான், மெஜந்தா, மஞ்சள் என மூன்று சாயங்கள் உருவாகின்றன. சயான் சிவப்பொளியை மட்டும், மெஜந்தா பச்சையொளியை மட்டும், மஞ்சள் நீலவொளியை மட்டும் தடுக்க வேண்டும். ஆனால் அவ்வளவு தூய சாயங்கள் கிடைப்பதில்லை. மெஜந்தா, பச்சையோடு நீலத்தையும் கொஞ்சம் தடுத்துவிடுகிறது. அதனால் மெஜந்தா உள்ள இடமெல்லாம் வேண்டாத ஒரு மங்கலான மஞ்சள் படமும் சேர்ந்து உருவாகிறது. 1940களில் கோடாக் நிறுவனத்தின் டபிள்யூ. டி. ஹான்சன் இதற்குக் கண்ட தீர்வு, மெஜந்தா சாயத்தைத் தோற்றுவிக்கும் மூலப்பொருளுக்கே மஞ்சள் நிறம் இருக்கும்படி செய்வது. பிலிமைக் கழுவும்போது அந்த மூலப்பொருள் எங்கெல்லாம் மெஜந்தாவாக மாறுகிறதோ, அங்கெல்லாம் தன் மஞ்சளை இழக்கிறது. மாறாத இடத்தில் மஞ்சள் அப்படியே தங்குகிறது. மெஜந்தா உள்ள இடத்தில் அதன் குறையும், இல்லாத இடத்தில் எஞ்சிய மஞ்சளும் நீலவொளியைச் சம அளவில் தடுப்பதால், வேண்டாத அந்தப் படம் மறைந்து, சீரான ஒரு மஞ்சள் திரை மட்டும் மிஞ்சுகிறது. சயானின் குறையை இதேபோல் செந்நிற மூலப்பொருள் ஈடுசெய்கிறது. இரு திரைகளும் சேர்ந்ததே நாம் காணும் ஆரஞ்சு.

இது புரிந்தால், கணினியில் நிறங்களை வெறுமனே தலைகீழாக்கும்போது படம் முழுவதும் ஏன் நீலம் பூசியதுபோல் ஆகிறது என்பதும் புரியும்: ஆரஞ்சின் தலைகீழ் நீலம். முதலில் திரையை விலக்க வேண்டும். இரண்டு படங்களுக்கு நடுவே ஒளியே படாத ஒரு குறுகிய பட்டை எல்லா நெகட்டிவிலும் இருக்கிறது. அங்கே திரையைத் தவிர வேறொன்றும் இல்லை. ஸ்கேன் செய்யும்போது அதையும் சேர்த்துப் படித்து, அந்தப் பட்டையின் சிவப்பு, பச்சை, நீல மதிப்புகளால் படத்தின் மதிப்புகளைத் தனித்தனியே வகுத்த பிறகே தலைகீழாக்க வேண்டும். நல்ல ஸ்கேன் மென்பொருள்கள் இதைத் தாமாகவே செய்கின்றன; இருந்தாலும் அந்தப் பட்டையைக் கத்தரித்து விடாமல் மூலக் கோப்பில் வைத்திருப்பது நல்லது. படத்தின் தகவல் முழுவதும் குறுகிய ஒரு வரம்புக்குள் அடங்கியிருப்பதால், அதை இழுத்து விரிக்கும்போது ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் மட்டும் உள்ள 8 பிட் கோப்பில் வானம் பட்டை பட்டையாக உடையும். 65,536 படிகள் கொண்ட 16 பிட் கோப்பாகச் சேமிக்க வேண்டும். 2400 டிபிஐ அளவில் ஒரு படம் சுமார் 46 எம்பி ஆகும். அந்த இடத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. அப்பாவின் தோளருகே வந்த கட்டுமரம் 16 பிட் கோப்பில்தான் வந்தது.

தூசியையும் கீறலையும் நீக்கப் பல ஸ்கேனர்களில் அகச்சிவப்பு ஒளியால் ஒரு கூடுதல் சுற்று நடக்கிறது. வண்ணச் சாயங்கள் அகச்சிவப்பைத் தடுப்பதில்லை, தூசி தடுக்கிறது. எனவே அந்தச் சுற்றில் தூசி மட்டும் தெரியும், மென்பொருள் அந்த இடங்களைச் சுற்றுப்புறத்தைக் கொண்டு நிரப்பும். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் இதைப் பயன்படுத்தக் கூடாது. அங்கே படமே வெள்ளித் துகள்களால் ஆனது. வெள்ளி அகச்சிவப்பைத் தடுப்பதால், கண்ணையும் மூக்கையும்கூடத் தூசியென்று எண்ணி மென்பொருள் அழிக்கத் தொடங்கும். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ கறுப்பு வெள்ளைச் சுருள்கள் நம் வீடுகளில் நிறைய இருக்கும். அவற்றுக்கு இந்த வசதியை அணைத்துவிட்டு, தூசியை ரப்பர் ஊதியால் ஊதுவதே வழி. சாயங்கள் இருட்டில் வைத்தாலும் மெல்ல வெளிறும். நன்கு கழுவப்பட்ட வெள்ளிப் படம் அப்படி வெளிறுவதில்லை. புதுச்சேரி செயிண்ட் லூயி வீதியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களிலிருந்து சேர்த்த தென்னிந்தியக் கோயில் படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. அந்தத் தொகுப்பு இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுவதில் வெள்ளியின் இந்த உறுதிக்கும் பங்குண்டு.

திரையில் ஒளியால் வீழ்த்திப் பார்க்கும் ஸ்லைடு பிலிம் நேர்ப்படம் என்பதால் நிறத்தைத் தலைகீழாக்கும் வேலை இல்லை. அதன் சிக்கல் கருமையில் இருக்கிறது. ஸ்லைடின் மிக இருண்ட பகுதி தன்மேல் விழும் ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவாகவோதான் விடுகிறது. அவ்வளவு குறைந்த ஒளியில் உணரியே தோற்றுவிக்கும் தாறுமாறான மின்குறிப்பு, அதாவது இரைச்சல், படத்தோடு கலந்து, நிழல்களில் வண்ணப் பொறிகளாகத் தெரியும். ஒரே கோட்டை நான்கு முறை படித்துச் சராசரி எடுத்தால் இரைச்சல் பாதியாகும். மென்பொருளில் அந்த வசதி இருந்தால், நேரம் ஆனாலும் ஸ்லைடுகளுக்குப் பயன்படுத்தலாம்.

நம் கடற்கரை ஊர்களில் பிலிமுக்குப் பெரிய எதிரி ஈரக்காற்று. பிலிமின் படம் தாங்கும் அடுக்கு ஜெலட்டினால் ஆனது. விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கும் அந்தப் புரதம் பூஞ்சைக்கு நல்ல உணவு. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடந்தபோது எங்கள் வீட்டு ஓடுகள் பறந்து, பரணில் பிஸ்கட் டின்னில் இருந்த நெகட்டிவ்கள் நனைந்தன. உலர்த்தி வைத்தும், சில மாதங்களில் வலைபோல் பூஞ்சை படர்ந்தது. ஈரப் பஞ்சால் ஒன்றைத் துடைத்தேன். அம்மாவின் முகம் இருந்த மூலை பஞ்சோடு வந்துவிட்டது. பூஞ்சை ஜெலட்டினைச் சிதைத்துத் தண்ணீரில் கரையும் பொருளாக்கிவிடுகிறது என்பதை அதன் பிறகே அறிந்தேன். பூஞ்சை பிடித்த பிலிமில் தண்ணீர் படவே கூடாது; இருக்கும் நிலையிலேயே ஸ்கேன் செய்து, திருத்தத்தைக் கணினியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டின்னைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால், அது பிலிமின் அடித்தளமான அசிட்டேட் சிதைந்து அசிட்டிக் அமிலம் வெளியேறுவதன் அறிகுறி. வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும்; வெளியேறிய அமிலம் சிதைவை மேலும் விரைவுபடுத்தும். அப்படிப்பட்ட சுருள்களைக் காற்றுப் புகாத டின்னிலிருந்து எடுத்து, மற்றவற்றோடு சேர்க்காமல் அட்டைப்பெட்டியில் தனியே வைத்து, பிலிம் சுருங்கி வளைவதற்கு முன் அவற்றைத்தான் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும்.