சிக்னலில் நின்றால் கொதிக்கும் எஞ்சின்

தாம்பரம் நெரிசலில் ஊரும்போது ஏறுகிற வெப்ப முள், செங்கல்பட்டு தாண்டி எண்பதில் ஓடத் தொடங்கியதும் தானாக இறங்கிவிடுகிறதா? பாதி நோய் பிடிபட்டுவிட்டது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நின்றுவிட்டால் அந்த வேலை முழுக்க ஃபேன் தலையில். போதாததற்கு, ஏசி ஓடினால், அதன் வெப்பத்தை வெளியேற்ற ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர் சூடாக்கிய காற்றுதான் ரேடியேட்டருக்கே வருகிறது. ஆகவே முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான். வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கட் (எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) எல்லாம் அப்புறம்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் கம்ப்ரசர் ஓட ஆரம்பித்ததும் ஃபேனும் சுற்ற வேண்டும். சுற்றவில்லையா? ஃப்யூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால், ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேயைப் பிடுங்கி, அதே எண் அச்சிட்ட இன்னொரு ரிலேயைச் செருகிப் பாருங்கள். பிடுங்கும்போது கால்களைக் கவனியுங்கள். ஒரு கால் மட்டும் கறுத்து, சாக்கெட் பிளாஸ்டிக் இளகியிருந்தால் அங்கே பிடிப்பு தளர்ந்து சூடேறுகிறது என்று அர்த்தம். புது ரிலே மட்டும் போட்டால் அதுவும் கருகும். சாக்கெட் முனையையும் மாற்ற வேண்டும்.

ரிலே சரியென்றால் மோட்டாரின் கனெக்டரைக் கழற்றி, ஃப்யூஸ் வைத்த வயரில் பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுங்கள். குச்சியால் தட்டினால்தான் சுற்றுகிறது என்றால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. சுற்றினால் மட்டும் போதாது. ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் வண்டியில், கண்டென்சர் முகப்பில் ஒரு செய்தித்தாளை வைத்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும். தாள் விலகிப் பறந்தால் யாரோ பிளஸ், மைனஸ் வயர்களை இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது.

ஏசி போட்டால் சுற்றுகிறது, போடாவிட்டால் எவ்வளவு சூடானாலும் சுற்றவில்லை என்றால் கூலன்ட்டின், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின், சூட்டை அளக்கும் சென்சரைச் சந்தேகியுங்கள். அதன் பிளக்கைக் கழற்றினால் பல கார்களில் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பாதுகாப்புக்காக ஃபேனை ஓட்டிவிடும். ஓடினால் ஃபேன் வயரிங்கில் குறையில்லை.

ஃபேன் நன்றாகவே ஓடியும் கொதிக்கிறதா? கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே பளிச்சென்று இருக்கும். உள்ளே சேறும் பூச்சிகளும் அப்பியிருக்கும். எஞ்சின் பக்கமிருந்து முன்னோக்கி, மெதுவான தண்ணீரில் கழுவ வேண்டும். பிரஷர் வாஷ் மெல்லிய ஃபின் தகடுகளை மடக்கிவிடும்.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. 1.1 பார் அழுத்தம் தாங்கும் மூடி, தண்ணீரின் கொதிநிலையை 100-லிருந்து சுமார் 120 டிகிரிக்கு உயர்த்துகிறது. ரப்பர் வெடித்திருந்தால் அந்த இருபது டிகிரி போயிற்று. எஞ்சின் முழுக்க ஆறியபின் மட்டுமே திறக்க வேண்டும். போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்து குழாய்கள் அடைபடும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள்.

“தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுடலாம் சார்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு அது. அதைக் கழற்றுவதால் நிற்கும் வண்டிக்குக் காற்று வரப்போவதில்லை. நெடுஞ்சாலையில் எஞ்சின் சூடே ஏறாமல் பெட்ரோல்தான் கூடுதலாகக் குடிக்கும்.

இத்தனையும் சரியாக இருந்தும், ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாக இறுகி, கூலன்ட் தொட்டியில் விடாமல் குமிழி வந்தால், அப்போதுதான் ஹெட் கேஸ்கட்டைப் பற்றிப் பேச வேண்டும்.