பீடி அட்டை இருந்தால் பிள்ளையின் புற்றுநோய்க்கும் பணம் உண்டு

நெல்லை மாவட்டத்தில் முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் அம்மாக்கள் தங்கள் அடையாள அட்டையைப் பெரும்பாலும் பிள்ளைகளின் படிப்பு உதவித்தொகைக்குத்தான் எடுப்பார்கள். புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் அதே அட்டை செல்லும். தொழிலாளிக்கு மட்டுமில்லை, அவரை நம்பியிருக்கும் பிள்ளைக்கும்.

பணத்துக்கு முன் நோயைப் பற்றி ஒரு வார்த்தை. சின்னக் குழந்தைக்கு முதுகுத்தண்டில் புற்றுக்கட்டி வருவது மிக அரிது. அதனாலேயே யாருக்கும் சட்டென்று தோன்றாது. நடக்கத் தொடங்கிய பிள்ளை மறுபடி தவழ்கிறது, ராத்திரி முதுகுவலியில் அலறி எழுகிறது, கால் துவள்கிறது, சிறுநீர் கழிக்க முக்குகிறது என்றால் சுளுக்கு என்று தடவிவிட்டுக்கொண்டு இருக்கக் கூடாது. தண்டுவடம் நசுங்கிய நிலையில் நாள் கடந்தால் காலில் பலம் திரும்பாமலே போகலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு அன்றைக்கே போங்கள். அட்டை, காகிதம் எல்லாம் பிறகு.

இனி பணம். மத்தியத் தொழிலாளர் நலத்துறையின் பீடித் தொழிலாளர் திட்டத்தில், அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் புற்றுநோய்க்கு ஆன செலவைத் திரும்பத் தருவார்கள். உச்சவரம்பு 7.5 லட்சம் ரூபாய். இதற்காக 1976-இல் சட்டமே போட்டு, பீடிக்கு வரி பிடித்தார்கள். ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த வரி போயிற்று, திட்டம் போகவில்லை. முதலில் விசாரிக்க வேண்டிய இடம் பக்கத்துப் பீடித் தொழிலாளர் மருந்தகம், அல்லது முக்கூடலில் இருக்கும் அவர்களுடைய மருத்துவமனை. முதலில் கைக்காசு போட்டுவிட்டுப் பிறகு வாங்கும் பணம் இது. அன்றாடக் கூலிக்காரர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்கே கூச்சம்தான்.

ஆகவே முதல்வரின் மருத்துவக் காப்பீட்டை முன்னே வையுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை, பணம் நேராக மருத்துவமனைக்குப் போய்விடும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, வருமானச் சான்று, ஆதாரோடு கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் பதியலாம். பிறப்புச் சான்று வந்ததுமே பிள்ளையின் பெயரை ரேஷன் கார்டில் ஏற்றிவிடுங்கள், பலரும் இழுத்தடிப்பது இதைத்தான். சந்தேகத்துக்கு 1800 425 3993. காப்பீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் போன தொகையையே பீடி நலத்திட்டத்திலும் கேட்க முடியாது. அதில் அடங்காமல் கையிலிருந்து போனதற்கு மட்டும் ஒரிஜினல் பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

சென்னைக்கோ திருவனந்தபுரத்துக்கோ அனுப்பினால், மருத்துவமனையில் ரயில் சலுகைப் படிவம் கேட்டு வாங்குங்கள். ஸ்லீப்பரில் பிள்ளைக்குத் தனிப் படுக்கை கட்டணமில்லாமல் கிடைக்கும், துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி.