தலைவாரும் கையும் தண்ணியில்லா ஆறும்

வேலூருக்கு வெளியூர்க்காரர் யாராவது வந்துவிட்டால் நம்மாட்கள் சொல்லாமல் விடாத வசனம் ஒன்று உண்டு. "இங்க ஆறு இருக்கு, தண்ணி இல்ல. கோட்டை இருக்கு, ராஜா இல்ல. கோயில் இருக்கு, சாமி இல்ல." நிலவரப்படி பார்த்தால் மூன்றில் இரண்டு காலாவதி. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-லேயே லிங்கத்தைத் திரும்ப வைத்துவிட்டார்கள். 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்து ஓடியதை ஊரே போய் வேடிக்கை பார்த்தது. ராஜா மட்டும்தான் இன்னும் வந்து சேரவில்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்து சிநேகிதர்கள் நாலு பேர் சாயங்காலம் அகழி ஓரமாக உட்கார்ந்து, ஒருத்தர் "ஆறு இருக்கு..." என்று இழுத்தால் போதும், மற்ற மூவரும் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். எல்லோருக்கும் மனப்பாடமான ஒன்றுக்கு எப்படிச் சிரிப்பு வருகிறது?

ராபர்ட் புரொவைன் என்ற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் இதற்கு எளிய வழியில் பதில் தேடினார். கடைத்தெரு, கல்லூரி வளாகம் போன்ற இடங்களில் ஜனங்கள் இயல்பாகச் சிரிப்பதை ஒளிந்திருந்து கேட்டு, யார் என்ன சொன்னதும் சிரிப்பு வந்தது என்று குறித்துக்கொண்டார். சுமார் 1,200 சிரிப்புகள் சேர்ந்தன. அவற்றில் நகைச்சுவை என்று சொல்லத்தக்க பேச்சுக்குப் பின்னால் வந்தவை 10 முதல் 20 சதவீதம்தான். மிச்சமெல்லாம் "சரி, அப்புறம் பார்க்கலாம்" வகையறா. தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட, கூட ஆள் இருக்கும்போது நாம் ஏறக்குறைய 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்பதும் அவர் கண்டது. சிரிப்புக்குத் தேவை பக்கத்தில் ஆள். ஜோக் ஒரு சாக்குதான்.

சிரிக்கும்போது உடம்புக்குள் நடப்பது என்ன? வெளியே விடும் ஒரே மூச்சைத் துண்டுதுண்டாக நறுக்குகிறோம். ஒவ்வொரு 'ஹா'வும் ஒரு நொடியில் பதிமூன்றில் ஒரு பங்கு நேரம்தான் நீடிக்கிறது. நொடிக்கு ஏறத்தாழ ஐந்து 'ஹா'. நடுவில் மூச்சை இழுக்க விடாமல் விலா எலும்புத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் நுரையீரலைப் பிழிந்துகொண்டே இருக்கின்றன. வயிறு வலிக்கச் சிரித்தோம் என்பது மிகையில்லை, தசைகள் நிஜமாகவே களைத்துப்போகின்றன. சிம்பன்சியும் கிச்சுகிச்சு மூட்டினால் சிரிக்கும். ஆனால் அது மூச்சை இழுத்து ஒரு சத்தம், விட்டு ஒரு சத்தம் என்று மூச்சிரைப்பதுபோல் கேட்கும்.

இந்தக் களைப்புக்கு ஈடாக மூளை எண்டார்ஃபினைச் சுரக்கிறது. உடம்பே தயாரித்துக்கொள்ளும் அபின் மாதிரியான பொருள் அது; வலியைக் குறைக்கும், மனதை இளக்கும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ராபின் டன்பார் குழு 2012-ல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களைக் கூட்டமாக உட்கார வைத்து நகைச்சுவைக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். அதற்கு முன்னும் பின்னும், ஃப்ரீசரில் வைத்து எடுத்த உறையைக் கையில் மாட்டியோ ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கியோ எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று அளந்தார்கள். சிரித்தவர்கள் முன்பைவிட அதிக வலி தாங்கினார்கள்.

இது மறைமுகச் சான்றுதானே என்று கேட்கலாம். 2017-ல் பின்லாந்து நாட்டின் துர்க்கு நகரத்து ஆய்வாளர்கள் நேரடியாகவே பார்த்தார்கள். மூளைச் செல்களில் எண்டார்ஃபின் போய் உட்காரும் இருக்கைகளுக்கு ஏற்பிகள் என்று பெயர். அதே ஏற்பிகளில் உட்காரக்கூடிய கதிரியக்கப் பொருளை ரத்தத்தில் செலுத்திவிட்டு, அது மூளையில் எங்கே சேர்கிறது என்று காட்டும் பெட் (PET) ஸ்கேன் எடுப்பது முறை. காட்பாடி பஸ்ஸில் முதலில் ஏறியவர் துண்டு போட்டு சீட்டுப் பிடித்துவிட்டால் பின்னால் வருபவர் நிற்கவேண்டியதுதான். எண்டார்ஃபின் முந்திக்கொண்ட இடத்தில் கதிரியக்கப் பொருளுக்கு இடமில்லை. தனியாக அரைமணி நேரம் இருந்துவிட்டு வந்தபோது எடுத்த ஸ்கேனையும், நெருங்கிய நண்பர்களோடு அரைமணி நேரம் சிரித்துவிட்டு வந்தபோது எடுத்ததையும் ஒப்பிட்டார்கள். சிரித்த பிறகு, மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ் போன்ற பகுதிகளில் எண்டார்ஃபின் கூடுதல் சீட்டுகளைப் பிடித்திருந்தது. கலந்துகொண்டவர்கள் 12 ஆண்கள் மட்டுமே, ஆகவே இதைக் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திசை மட்டும் தெளிவு.

சரி, இந்த ஏற்பாடு எதற்கு? ஏலகிரி மலைப்பாதையில் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து ஒன்றுக்கொன்று பேன் பார்க்கும் குரங்குகளைக் கவனியுங்கள். சுத்தம் என்பது அதில் கொஞ்சம்தான், பெரும்பகுதி உறவு. டலபோயின் என்ற ஆப்பிரிக்கக் குரங்குகளில் ஒன்று மற்றதன் மயிரைக் கோதிவிடும்போது எண்டார்ஃபின் கூடுவதை 1989-லேயே அளந்திருக்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் பேன் பார்க்க முடியும். சிரிப்பிலோ கையே படாமல் ஒரே சமயத்தில் மூன்று நான்கு பேரைத் தொட்டுவிடலாம் என்பது டன்பாரின் வாதம். இயல்பான அரட்டை நாலு பேரைத் தாண்டினால் தானாகவே இரண்டாகப் பிரிந்துவிடுவதையும் அவர் குழு கவனித்திருக்கிறது. கல்யாண மண்டபத்தில் எட்டு நாற்காலியை வட்டமாகப் போட்டுப் பாருங்கள், பத்து நிமிஷத்தில் தெரியும்.

சிரிப்பு வந்துவிட்டதால் கை சும்மா இருக்கிறதா என்ன? ஆரணியிலோ குடியாத்தத்திலோ மத்தியானத் திண்ணையைப் பாருங்கள். ஆயா பேத்தியை மடியோரம் உட்கார வைத்து, எண்ணெய் தொட்டு, ஈர்கோலியால் வகிடுவகிடாக இழுப்பார். பேத்திக்கு முதலில் "விடு ஆயா". கொஞ்ச நேரத்தில் கண் சொக்கிவிடும். மயிர்க்கால் உள்ள தோலில் சி-டாக்டைல் என்ற மெல்லிய நரம்பிழைகள் இருக்கின்றன. சூட்டையும் முள்குத்தையும் சொல்ல வேறு நரம்புகள் உண்டு. இவை மெதுவான தடவலுக்கென்றே உள்ளவை. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் தடவினால்தான் இவை நன்றாகத் துடிக்கும். அதைவிட வேகமானால் அடங்கிவிடும், நகராமல் கையை வைத்திருந்தாலும் அப்படியே. தாய் குழந்தையைத் தடவும் வேகமும் அதற்குள்தான் அடங்குகிறது. ஸ்கூல் வேன் ஹார்ன் அடிக்கும்போது வரட்டுவரட்டென்று வாருவதில் அந்தச் சுகம் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

பழைய சிநேகிதமும் புதுப் பழக்கமும் சிரிப்பிலேயே பிடிபடும். 2016-ல் வெளியான ஆய்வில், இரண்டு பேர் சேர்ந்து சிரிக்கும் ஒரு நொடிச் சத்தத்தை மட்டும் 24 சமூகங்களைச் சேர்ந்தவர்களுக்குப் போட்டுக் காட்டி, இவர்கள் நண்பர்களா, அந்நியர்களா என்று கேட்டார்கள். பாஷை தெரியாதவர்களும்கூட நூற்றுக்கு 61 தடவை சரியாகச் சொன்னார்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே 50 வரும் என்பதால் பிரமாதமான மதிப்பெண் இல்லை. ஒரு நொடிக்கு அதுவே அதிகம் என்பேன்.

சாப்பாட்டுக்கும் இந்தக் கூட்டுக்கணக்கு பொருந்துகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் 2014-ல் ஒரே சாக்லேட்டை இரண்டு விதமாகச் சாப்பிட வைத்தார்கள்: பக்கத்தில் இருப்பவரும் அதையே சாப்பிடும்போது ஒரு தடவை, அவர் வேறு வேலை பார்க்கும்போது ஒரு தடவை. பேசிக்கொள்ளக் கூடாது. சேர்ந்து சாப்பிட்டபோது அதே சாக்லேட் இன்னும் ருசியாக இருந்ததாகச் சொன்னார்கள். ஆற்காட்டு மக்கன் பேடாவை அக்காவும் தம்பியும் ஆளுக்குப் பாதியாகப் பிட்டுக்கொண்டு, நடுவில் இருக்கும் முந்திரி யாருக்கு என்று சண்டை போட்டுத் தின்பதில் இதே வேலைதான் நடக்கிறதென்று நினைக்கிறேன். அந்த ஆய்வின் மறுபாதியையும் சொல்லிவிடுகிறேன். கடுங்கசப்பான சாக்லேட்டைக் கொடுத்தபோது, சேர்ந்து சாப்பிட்டவர்களுக்கு அது இன்னும் மோசமாக இருந்ததாம். பிரியாணி அடிப்பிடித்துப்போன விருந்தைப் பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேரும் வருஷக்கணக்காக மறக்காமல் பேசுவது சும்மா இல்லை.