முத்திரை

முத்திரை என்றால் இன்று நினைவுக்கு வருவது தபால் முத்திரையும் முத்திரைத்தாளும்தான். சொல்லின் ஆதி அர்த்தமும் அதுதான். வடமொழி ‘முத்ரா’ முதலில் முத்திரை மோதிரத்தையும், அது பதித்த தடத்தையும் குறித்தது. கைவிரல் அமைதிக்குப் பெயரானது அப்புறம்.

அஜந்தா 26ஆம் குகைச் சுவர்ச் சிற்பத்தில், புத்தர் ஞானம் பெறுவதைத் தடுக்க வந்த மாரன் படையோடு மிரட்டுகிறான். புத்தர் வலக்கை விரல் நுனியால் தரையைத் தொடுகிறார். ‘உன் தகுதிக்கு யார் சாட்சி?’ என்றவனுக்குப் பூமியையே சாட்சிக்குக் கூப்பிடுகிறார். பத்திரப்பதிவு மாதிரிதான்: முத்திரையும் உண்டு, சாட்சியும் உண்டு. இதன் பெயர் பூமிஸ்பரிச முத்திரை. முதலாம் குகைக் கருவறைப் புத்தர் காட்டுவது தர்மசக்கர முத்திரை. கீழே சக்கரமும் மான்களும் இருப்பதால் சாரநாத்தின் முதல் உபதேசம் என்று தெரிந்துவிடும்.

தமிழில் என்ன சொல்வது? பதிக்கும் முத்திரைக்குப் ‘பொறி’ இருக்கிறது. சோழரின் புலிப்பொறி தெரிந்ததே. கை முத்திரைக்குப் புதுச்சொல் தேட வேண்டாம், ‘கை’ என்பதே பழைய கலைச்சொல். சிலப்பதிகார அரங்கேற்று காதை பிண்டி (ஒற்றைக்கை), பிணையல் (இரட்டைக்கை), எழிற்கை (அழகுக்குக் காட்டுவது), தொழிற்கை (செயலைக் காட்டுவது) என்று பிரிக்கிறது. அடியார்க்கு நல்லார் உரையில் ஒற்றைக்கை 33, இரட்டைக்கை 15. அவை கூத்துக்கு உரியவைதான், ஆனாலும் சிற்பத்துக்கும் பொருந்தும். அபயம் அஞ்சல் கை (‘அஞ்சாதே’ என்பது), வரதம் ஈகைக் கை (வரம் தருவது), பூமிஸ்பரிசம் நிலந்தொடு கை. தர்மசக்கரத்துக்கு அறவாழிக் கை எனலாம். மணிமேகலையே புத்தரின் சக்கரத்தை ‘அறக்கதிர் ஆழி’ என்கிறது. தியானத்தைத் தியானக் கை என்றே விட்டுவிடலாம், வலிந்து பெயர்த்தால் யாருக்கும் புரியாது.

பழனிக்கு மேற்கே ஐவர்மலைக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பாறையில் தியானக் கையோடு அமர்ந்திருப்பவர்களைப் புத்தர் என்று நினைத்துவிடுவது சுலபம். ஊர்க்கதையோ பஞ்சபாண்டவர் என்கிறது. இரண்டும் இல்லை, அவர்கள் தீர்த்தங்கரர், அதாவது சமணர் வணங்கும் அருகர். ‘திருவயிரை’யில் (மலையின் பழைய பெயர்) பார்சுவநாதர் என்ற தீர்த்தங்கரரையும் இயக்கிகள் என்ற காவல் பெண்தெய்வங்களையும் புதுப்பித்ததை அங்குள்ள கி.பி. 870ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. தியானக் கை இரு சமயத்துக்கும் பொது. அதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. மேலே முக்குடை (மூன்றடுக்குக் குடை) இருக்கிறதா என்று பாருங்கள், அது தீர்த்தங்கரரின் அடையாளம். உடலில் ஆடை மடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், அது புத்தரின் அடையாளம். தலைக்கு மேல் பாம்புப் படம் இருந்தால் பெரும்பாலும் பார்சுவர். முசலிந்த நாகம் குடை பிடிக்கும் புத்தரும் உண்டு என்பதால், அங்கேயும் ஆடைதான் தீர்ப்பு. அஞ்சல் கையோ நிலந்தொடு கையோ தெரிந்தால் அது தீர்த்தங்கரர் இல்லை. அவர்களுக்கு மடியில் வைத்த கை, நின்றால் தொங்கவிட்ட கை, இவ்வளவுதான்.