அந்த 5,000 ரூபாய்க் கணக்கு

போன மாதம் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் ஆபீஸுக்கு வந்தார். உட்காருவதற்கு முன்பே போனை நீட்டினார். பங்குச் சந்தையில் பெரும்பணம் சேர்த்த முதலீட்டாளர் ராகேஷ் ஜுன்ஜுன்வாலாவின் படம். கீழே கொட்டை எழுத்தில், ‘வெறும் 5,000 ரூபாய் 40,000 கோடி ஆன கதை’.

“வீட்டுல 20 பவுன் சும்மாதானுங்க கிடக்குது. அடகு வச்சு நாலஞ்சு பங்குல போட்டுடலாமுங்களா?”

ஈரோட்டில் நிதி ஆலோசகனாக உட்கார்ந்திருக்கும் எனக்கு இது பழகிய கேள்வி. பதில் சொல்லாமல் கால்குலேட்டரை எடுத்தேன். 1985-ல் போட்ட 5,000 ரூபாய், ஆண்டுக்கு 15 சதவீதம் வளர்ந்தால், ஜுன்ஜுன்வாலா காலமான 2022-ல் சுமார் 8 லட்சத்து 80 ஆயிரம். 25 சதவீதம் என்று வைத்தாலும் 2 கோடியைத் தொடாது. 40,000 கோடி வர வேண்டுமென்றால், 37 வருடமும் ஒரு வருடம்கூடத் தவறாமல் 63 சதவீதத்துக்கு மேல் வளர்ந்திருக்க வேண்டும்.

“அப்ப பொய்யுங்களா?”

பொய் இல்லை. நடுவில் நடந்ததைத்தான் அந்தப் படத்தில் காணோம்.

1986-ல் அவருக்குக் கிடைத்த முதல் பெரிய லாபம் டாடா டீ. 43 ரூபாய்க்கு வாங்கிய 5,000 பங்குகள், சில மாதங்களில் 143 ரூபாய். லாபம் 5 லட்சம். எல்லாரும் இந்த 5 லட்சத்தைப் பேசுகிறார்கள். வாங்க எவ்வளவு ஆகியிருக்கும் என்று யாரும் பெருக்கிப் பார்ப்பதில்லை: 2 லட்சத்து 15 ஆயிரம். கையில் 5,000 வைத்திருந்தவருக்கு அது எங்கிருந்து வந்தது? வங்கி டெபாசிட்டை விடக் கூடுதலாக, 18 சதவீத வட்டி தருகிறேன் என்று சொல்லி வெளியே வாங்கிய பணம். அப்பா வருமான வரித் துறை அதிகாரி. மகனுக்குப் பணம் தரவில்லை, யாரிடமும் கேட்காதே என்றும் சொல்லியிருந்தார். ஆனால் வீடு இருந்தது, சோறு இருந்தது, கையில் சி.ஏ. பட்டம் இருந்தது. பங்குச் சந்தை கைவிட்டால் மறுநாளே வேலைக்குப் போகலாம். 20 பவுனை வைத்துவிட்டு வரும் ஐம்பது வயதுக்காரருக்கு அந்த வசதி கிடையாது.

டைட்டன் வேறு கதை. டாடாவும் நம் மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய, ஓசூரில் கைக்கடிகாரம் செய்த கம்பெனி. 2002-03 வாக்கில் அதைச் சீண்டுவாரில்லை. பின்னால் இலவசமாக வந்த போனஸ் பங்குகள், ஒரு பங்கைப் பலவாக உடைத்த பங்குப் பிரிப்பு எல்லாம் கணக்கில் எடுத்துப் பார்த்தால் அவர் வாங்கிய விலை சுமார் 3 ரூபாய். 2008 சரிவிலும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். 2022 ஆகஸ்டில் அது 2,400-க்கு மேல். வேகமாக வாங்கி விற்பது மூலதனம் சேர்க்க, வருடக்கணக்கில் வைத்திருப்பது சொத்து சேர்க்க என்று இரண்டு தொழிலையும் அவர் தனித்தனியாகவே வைத்திருந்தார். நம்மவர்கள் டிரேடிங்கில் மாட்டிக்கொண்டதும் அதற்கு ‘லாங் டெர்ம்’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்!

அவர் பட்டியலில் வீட்டுக் கடன் கம்பெனியான டிஎச்எப்எல்லும் இருந்தது. திவால் நடவடிக்கை முடிந்த 2021-ல் அந்தப் பங்கின் மதிப்பு பூஜ்யம். அதே வருடம், கணினிப் பயிற்சி கம்பெனியான ஆப்டெக்கின் பங்கில், வெளியே தெரியாத உள்தகவல் வைத்து வர்த்தகம் செய்ததாகப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி தொடுத்த வழக்கை, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும், அவர் தரப்பினர் 37 கோடிக்கு மேல் கட்டி முடித்துக்கொண்டார்கள். வாட்ஸ்அப் படங்களில் இதற்கெல்லாம் இடம் இல்லை.

அண்ணனுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. மண்டிக் கணக்கிலேயே கேட்டேன். “2010 கடைசியில மஞ்சள் குவிண்டால் 15,000-ஐத் தாண்டுச்சே, இன்னும் ஏறும்னு கடன் வாங்கிக் குடோன்ல மூட்டை அடுக்குனவங்க என்ன ஆனாங்க?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “அடுத்த வருசமே மூணுல ஒரு பங்குக்கு வந்துருச்சுங்க. வட்டி மட்டும் எறங்கவே இல்ல.”

பங்கும் அதே மாதிரிதான். விலை விழும்போது நகைக்கடன் வட்டி நிற்காது, கட்டவில்லையென்றால் ஏலம். கடனைவிடச் சீக்கிரம் கவிழ்ப்பது எப் அண்டு ஓ, அதாவது பங்கின் வருங்கால விலையை வைத்துச் செய்யும் ஒப்பந்த வர்த்தகம். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் நூறில் 93 பேருக்கு நஷ்டம் என்று செபியே கணக்கெடுத்துச் சொன்னது; மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ‘தினம் ஒரு டிப்ஸ்’ தரும் குரூப்பாம், சேர 5,000 ரூபாயாம். அங்கேயும் ஒரு 5,000! டிப்ஸ் தருபவரிடம் செபி பதிவு எண் கேளுங்கள் என்றேன். ஆலோசகர் என்றால் ஐஎன்ஏ, ஆய்வாளர் என்றால் ஐஎன்எச் என்று தொடங்கும். செபி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பெயர் ஒத்துப்போக வேண்டும். அங்கேயே உட்கார்ந்து குரூப்பில் கேட்டார். இரண்டு நிமிடத்தில் அவரை வெளியே தூக்கிவிட்டார்கள்.

சிரித்துக்கொண்டே எழுந்தார். நகை பீரோவிலேயே இருக்கட்டும் என்றார். வாசலில் செருப்பை மாட்டியவர், ஒரு காலோடு நின்று திரும்பினார்.

“டைட்டன் மட்டும், இப்ப வாங்கலாமுங்களா?”