ஓடாத கடிகாரம்

"வீட்டை மகன் பெயருக்கு எழுதிப் பதினொரு வருடம் ஆகிவிட்டது தம்பி. கொடுத்து ஏழு வருடம் போனால் இறந்த பிறகு அதற்கு வரி இல்லை என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?"

ஹரோவில் ஒரு வீட்டின் சமையலறை. பெரியவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து காணிப் பதிவேட்டின் நகலை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். உரிமையாளர் என்ற இடத்தில் மகனின் பெயர். தேதி சரி, முத்திரை சரி, குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் தாளை விட்டுவிட்டு அறையைப் பார்த்தேன். ஜன்னலோரம் கிழமை வாரியாகப் பிரித்த மாத்திரைப் பெட்டி, கதவுக்குப் பின்னால் அவருடைய கம்பளித் தொப்பி, தோட்டத்தில் கறிவேப்பிலைச் செடிக்கு அவர் கட்டிய கண்ணாடிக் கூடு. மகன் இருப்பதோ வேறு ஊரில், ரெடிங்கில்.

"மகனுக்கு மாதாமாதம் வாடகை ஏதும் கொடுக்கிறீர்களா ஐயா?"

அடுப்படியில் நின்ற அம்மா சிரித்தே விட்டார். "பெற்ற பிள்ளைக்கு யாராவது வாடகை கொடுப்பார்களா?"

லண்டனில் வரி ஆலோசகராக இருக்கிறேன். ஒருவர் இறந்த பிறகு குடும்பம் அரசுக்குக் கொடுக்க வேண்டிய மரபுரிமை வரிக் கணக்குதான் என் அன்றாட வேலை. இந்தச் சிரிப்பை வேறு பல சமையலறைகளிலும் கேட்டிருக்கிறேன். சட்டப் பிரிவு எண்களைச் சொன்னால் யார் மனத்திலும் நிற்பதில்லை. அதனால் சாட்ஸ்வொர்த் மாளிகையின் கதையைச் சொல்வேன்.

டார்பிஷயரில் டெர்வென்ட் ஆற்றங்கரையில் நிற்கிறது அந்த மாளிகை. 1549-இல் சர் வில்லியம் கேவண்டிஷும் அவருடைய மனைவி பெஸ்ஸும் அந்த நிலத்தை 600 பவுண்டுக்கு வாங்கினார்கள். இந்த பெஸ் சாதாரணப் பெண் அல்ல. நான்கு திருமணம் செய்து, ஒவ்வொன்றிலும் முன்பைவிடப் பெரிய பணக்காரியாக வெளியே வந்தவர். நான்காவது கணவர் ஷ்ரூஸ்பரி பிரபுவின் காவலில்தான் ஸ்காட்லாந்து ராணி மேரி இருந்தார்; மேரியைச் சில காலம் இந்த வீட்டிலும் வைத்திருந்தார்கள். பெஸ் கட்டிய வீட்டை 1687 முதல் கொஞ்சம் கொஞ்சமாக இடித்து இன்றைய மாளிகையை எழுப்பியவர் அவருடைய வழிவந்த கேவண்டிஷ். மூன்றாம் வில்லியமை அரியணைக்கு அழைத்த எழுவரில் அவரும் ஒருவர். அதற்குப் பரிசாக 1694-இல் டெவன்ஷயர் டியூக் பட்டம் கிடைத்தது. பட்டத்தில் ஒரு ஊர், வீடு இன்னொரு ஊரில்.

ஆறாவது டியூக் திருமணம் செய்துகொள்ளவில்லை. பணத்தையெல்லாம் புத்தகங்களிலும் தோட்டத்திலும் கொட்டினார். அவருடைய தோட்டத் தலைவர் ஜோசப் பாக்ஸ்டன் 1830-களில் மொரீஷியஸ் வழியாக வந்த ஒரு வாழைக் கன்றைக் கண்ணாடி வீட்டில் வளர்த்துக் காய்க்க வைத்தார். டெஸ்கோ, சென்ஸ்பரி கடைகளில் நாம் வாங்கும் கேவண்டிஷ் வாழைப்பழத்தின் பெயர் அந்தக் குடும்பப் பெயர்தான். குளிர்நாட்டுப் பிரபு ஒருவரின் பெயர் வாழைத்தாருக்கு வந்த கதை எனக்கு இன்றும் வேடிக்கையாக இருக்கும். (கதலி தின்று வளர்ந்தவர்களுக்கு அந்தப் பழம் பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம்.)

இனி என் தொழிலுக்கு வேண்டிய பகுதி. 1894-இல் இங்கிலாந்தில் புதிய மரண வரி வந்தபோது உச்ச விகிதம் நூற்றுக்கு எட்டுதான். பிரபுக்கள் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள். 1949-இல் உச்ச விகிதம் நூற்றுக்கு எண்பதாகியிருந்தது. ஒரே தப்பும் வழி, உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடுவது. ஆனால் கொடுத்த பிறகு குறிப்பிட்ட காலம் உயிரோடு இருக்க வேண்டும். அந்தக் காலம் முதலில் ஓராண்டு, 1910-இல் மூன்றாண்டு.

பத்தாவது டியூக் எட்வர்ட் கேவண்டிஷின் மூத்த மகன் 1944 செப்டம்பரில் பெல்ஜியப் போர்க்களத்தில் கொல்லப்பட்டார். வாரிசு இப்போது இளைய மகன் ஆண்ட்ரூ. போரின்போது மாளிகையில் ஒரு பெண்கள் பள்ளி குடியிருந்தது; பள்ளி போன பிறகு அத்தனை பெரிய வீட்டில் இரவில் தூங்கியவர்கள் இரண்டு பணிப்பெண்கள் மட்டுமே. 1946-இல் டியூக் சொத்துக்களை மகனுக்காக ஒரு அறக்கட்டளைக்கு மாற்றி எழுதினார். அதே ஆண்டு அரசு மூன்றாண்டை ஐந்தாண்டாக்கியது. பழைய விதி நீடித்திருந்தால் 1949-இலேயே கரை சேர்ந்திருப்பார். 1950 நவம்பர் 26 அன்று ஈஸ்ட்போர்ன் வீட்டில் விறகு பிளந்துகொண்டிருந்தபோது மாரடைப்பில் இறந்தார். வயது 55. ஐந்தாண்டு முடியச் சில வாரங்கள்தான் இருந்தன.

அன்று படிக்குப் படி குறையும் சலுகை கிடையாது. ஒரு நாள் குறைந்தாலும் கொடுத்ததெல்லாம் கொடுக்காததுதான். கணக்கு ஏறக்குறைய 70 லட்சம் பவுண்டு என்று வந்தது. ஆலோசகர்களில் சிலர் கைவிரித்துவிட்டார்கள். பதினொன்றாவது டியூக்கான ஆண்ட்ரூ ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தை விற்றார். எட்டாம் ஹென்றியை ஹோல்பைன் வரைந்த பெரிய மூலவரைவு, ரெம்பிராண்ட் ஓவியம், பத்தாம் நூற்றாண்டு ஆசியுரைச் சுவடி எல்லாம் வரிக்குப் பதிலாக அரசிடம் போயின. பெஸ் தன் கையால் கட்டிய ஹார்ட்விக் மாளிகையும் போயிற்று. வட்டி ஏறிக்கொண்டே இருக்க, வருமான வரித் துறையோடு பேசி முடிக்கப் பதினேழு ஆண்டுகள் ஆயின.

அடுத்து அந்தக் குடும்பம் செய்ததைத்தான் பெரியவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. 1981-இல் சாட்ஸ்வொர்த் மாளிகை அறக்கட்டளை என்ற தொண்டு நிறுவனத்தை அமைத்து, மாளிகையையும் தோட்டத்தையும் 99 ஆண்டுக் குத்தகைக்கு அதனிடம் ஒப்படைத்தார்கள். குத்தகைப் பணம் ஆண்டுக்கு ஒரு பவுண்டு. பராமரிப்பு நிதிக்காகப் பழைய ஓவியர் பூசான் வரைந்த ஓவியம் ஒன்றையும் விற்றார்கள். அதன் பிறகு டியூக் குடும்பம் தங்கள் பாட்டன் பூட்டன் கட்டிய வீட்டில் தாங்கள் இருக்கும் அறைகளுக்குச் சந்தை வாடகை கொடுத்து வாழ்கிறது.

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. யாழ்ப்பாணத்தில் மகளுக்குச் சீதனமாக வீட்டை எழுதும்போது "சீவிய உரித்து" வைத்து நன்கொடை உறுதி (பத்திரம்) முடிப்பார்கள். வீடு மகளுடையது, தாய் தகப்பன் சாகும்வரை அங்கேயே இருக்கலாம். தமிழ்நாட்டு செட்டில்மென்ட் பத்திரங்களில் "ஆயுள் வரை அனுபவித்துக்கொண்டு" என்று எழுதுவதும் இதுவே. முதுமையில் தெருவில் நிற்கக் கூடாது என்ற நியாயமான பயத்தில் பிறந்த ஏற்பாடு அது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். பத்திரத்தில் எழுதாவிட்டாலும் லண்டனில் நாம் வாழ்வது அதே ஏற்பாட்டில்தான்: பெயர் பிள்ளைக்கு, படுக்கையறை நமக்கு.

பிரித்தானிய வரிச் சட்டம் 1986 முதல் இதை நன்கொடையாக ஏற்பதில்லை. கொடுத்தவர் கொடுத்த பொருளின் சுகத்தைத் தொடர்ந்து அனுபவித்தால், மரபுரிமை வரியைப் பொறுத்தவரை அது அவருடைய சொத்துதான். பதினொரு ஆண்டானாலும் முப்பது ஆண்டானாலும் அப்படித்தான். ஏழாண்டு விதி 1968-இல் வந்தது, இடையில் போய் 1986-இல் திரும்பியது, இன்றும் இருக்கிறது. ஆனால் அந்த ஏழு எண்ணத் தொடங்குவது அனுபவிப்பது நின்ற நாளிலிருந்துதான்.

"டியூக்கின் கடிகாரம் ஓடியது ஐயா, அவர்தான் முந்திக்கொண்டார். உங்கள் கடிகாரம் இன்னும் ஓடவே தொடங்கவில்லை."

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சொத்தை விற்கும்போது ஏறிய விலைக்குக் கட்டும் மூலதன ஆதாய வரிக்கு வந்தால் அதே வீடு பதினொரு ஆண்டுகளாக மகனுடைய சொத்து. பெரியவர் பெயரில் இருந்து அவர் இறந்திருந்தால், இறந்த நாள் மதிப்பில் மகன் வாங்கியதாகக் கணக்கு வைத்து, அதுவரை ஏறிய விலைக்கு ஆதாய வரி இல்லாமல் போயிருக்கும். இப்போது அந்தச் சலுகை இல்லை. மகன் வாழ்வது வேறு வீட்டில் என்பதால் குடியிருக்கும் வீட்டுக்கான விலக்கும் இல்லை. ஒரு வரிக்கு வீடு தகப்பனுடையது, இன்னொரு வரிக்கு மகனுடையது. இரண்டு கதவிலும் அரசு நிற்கிறது. மகனுக்கு விவாகரத்து வந்தால், வியாபாரம் நொடித்தால், அந்தப் படுக்கையறைக்கே உத்தரவாதமில்லை என்பதை அம்மா முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு மகனிடம் தொலைபேசியில் சொன்னேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பலருக்கு இந்த விளையாட்டே தேவையில்லை. ஒருவருக்கு 3,25,000 பவுண்டு வரை வரி இல்லை. வீடு பிள்ளைகளுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ போனால் மேலும் 1,75,000. கணவன் மனைவிக்குள் போகும் சொத்துக்கு வழக்கமாக வரி கிடையாது, முதலில் இறந்தவர் பயன்படுத்தாத வரம்பு மற்றவருக்குச் சேரும். ஆக ஒரு தம்பதி வீடு உட்படப் பத்து லட்சம் பவுண்டு வரை பிள்ளைகளுக்கு விட்டுப் போகலாம். ஒரே வீடும் கொஞ்சம் சேமிப்பும் உள்ளவர்கள், கோயிலில் யாரோ சொன்னார்கள் என்று வீட்டைப் பிள்ளை பெயருக்கு மாற்றி, இல்லாத வரிக்குப் பயந்து இருக்கும் வரியை விலைக்கு வாங்குகிறார்கள்.

இந்தப் பெரியவரின் கணக்கு அந்த வரம்புக்குள் அடங்கவில்லை. வெம்பிளியில் வாடகைக்கு விட்ட வீடு ஒன்று, யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் காணி. பிரித்தானியாவில் கடந்த இருபது வரியாண்டுகளில் பத்து ஆண்டுகள் வசித்தவருக்கு, 2025 ஏப்ரல் முதல் உலகில் எங்கே சொத்து இருந்தாலும் அது கணக்கில் வரும். கொக்குவில் காணியும் வரும். (இந்தியச் சொத்துக்கு 1956-இல் போட்ட ஒப்பந்தம் ஒன்று உண்டு, அதைத் தனியே பார்க்க வேண்டும்.)

வழிகளைச் சொன்னேன். மகன் குடும்பம் இங்கே வந்து சேர்ந்து வாழ்ந்து, பெரியவர் ஒரு பங்கை மட்டும் கொடுத்து, தன் பங்குச் செலவைத் தானே ஏற்றிருந்தால் சட்டம் ஒத்துக்கொண்டிருக்கும். அந்தப் படகு போய்விட்டது. மகன் வீட்டைத் திருப்பி எழுதலாம், ஆனால் அது மகனின் நன்கொடையாகி ஆதாய வரிக் கணக்கைக் கிளப்பும். மூன்றாவது வழி, முழுச் சந்தை வாடகை. அறை வாடகையல்ல, வீட்டுக்கு முகவர் எழுதித் தரும் வாடகை. ஒவ்வொரு மாதமும் வங்கி வழியாக, விலை ஏறும்போது தானும் ஏறி. மகன் அதற்கு வருமான வரி கட்ட வேண்டும். கொடுக்கத் தொடங்கும் நாளிலிருந்து ஏழாண்டு எண்ணத் தொடங்கும். பெரியவருக்கு வயது 74.

அவர் நெடுநேரம் பேசவில்லை. தாளை மடித்து உறைக்குள் வைத்தார், மறுபடி எடுத்தார்.

"அந்த டியூக் ஒழுங்காகக் கட்டுகிறாராமா?"

"கட்டுகிறார் ஐயா."

தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "எதிர்வீட்டுக்கு எவ்வளவு வாடகை கேட்கிறார்கள் என்று அன்றைக்குச் சொன்னாயே," என்றார்.

அம்மா இந்த முறை சிரிக்கவில்லை.