வலி எடுக்கும்போது கையில் ஒரு பொத்தான்

வலி எடுத்த பெண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவள் அம்மா உள்ளங்கையால் இடுப்பை அழுத்தித் தேய்ப்பதை லேபர் வார்டில் தினமும் பார்க்கிறேன். "அங்கதாம்மா, கையை எடுக்காத" என்பாள் மகள். தோல் வழியாக லேசான மின்துடிப்பு அனுப்பும் டென்ஸ் என்ற சின்னக் கருவி செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலைதான். ஆனால் பிசியோதெரபிஸ்ட் வந்து அதைக் கையில் எடுத்ததும் வீட்டார் முகம் மாறிவிடும். "கரண்டா மேடம்? குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதா?"

செல்போன் அளவு மெஷின், பேட்டரியில் ஓடுவது. நான்கு ஒட்டுப் பட்டைகளையும் முதுகில்தான் ஒட்டுவோம், வயிற்றில் அல்ல. கால் மரத்துப்போய்த் தெளியும்போது வருமே, அந்த மாதிரி ஒரு விறுவிறுப்பு தோலில் ஓடும். கர்ப்பப்பை சுருங்கும் வலி கீழ் விலா மட்டத்து நரம்புகள் வழியாகத் தண்டுவடத்துக்குப் போகிறது. குழந்தையின் தலை இறங்கும் வலி அடி இடுப்பு நரம்புகள் வழியாக. அதனால் மேலே இரண்டு பட்டை, கீழே இரண்டு. தொடு உணர்ச்சி முந்திக்கொண்டால் தண்டுவடத்தில் வலிக்கான கதவு ஓரளவு சாத்திக்கொள்கிறது என்று 1965-இல் மெல்சாக், வால் என்ற இருவர் விளக்கினார்கள். அம்மாவின் கை இதமாக இருப்பதும் இதனால்தான்.

வலி போய்விடுமா? போகாது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2009-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில், டென்ஸ் வைத்தவர்கள் சொன்ன வலி அளவுக்கும் மற்றவர்கள் சொன்னதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனாலும் வைத்துக்கொண்டவர்களில் பலர் அடுத்த பிரசவத்திலும் வேண்டும் என்றார்கள். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. வலி ஏறும்போது அமுக்க அவர்கள் கையில் ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் விறுவிறுப்பு கூடும், வலி இறங்கியதும் குறைத்துக்கொள்ளலாம். எல்லாரும் ஏதேதோ உத்தரவு போடும் அந்த அறையில் அவள் இஷ்டப்படி நடப்பது அது ஒன்றுதான்.

வலி சீராக வர ஆரம்பித்ததுமே வைத்துவிட வேண்டும். தாங்க முடியாத கட்டத்தில் வைத்தால் பெரிதாகப் பலன் தெரியாது. அப்புறம், இடுப்பில் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டு வராதீர்கள், பட்டை ஒட்டாது. 37 வாரம் முடியாதவர்களுக்கு வைப்பதில்லை, பேஸ்மேக்கர் இருந்தாலும் கூடாது. வலிப்பு நோய் இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குளிக்கப் போகும்போது கழற்றிவிட வேண்டும். குழந்தையின் இதயத் துடிப்பைப் பதியும் சி.டி.ஜி. வரைபடம் குழம்பினால் நாங்களே நிறுத்திவிடுவோம்.

டென்ஸ் போதவில்லை என்றால் எபிடியூரல் கேளுங்கள், அதாவது முதுகில் மருந்து செலுத்தி வலியை மரக்கச் செய்யும் முறை. "நாங்கல்லாம் பொறுத்துக்கலையா" என்ற பேச்சுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். மனது கேட்கவில்லை.

ஒன்பதாம் மாதச் செக்கப்புக்கு வரும்போது, பிரசவத்தில் கூட இருக்கப்போகிறவரையும் அழைத்து வாருங்கள். உங்கள் முன்கையில் ஒட்டி அந்த விறுவிறுப்பைக் காட்டுகிறேன். முதுகில் எந்த இடத்தில் ஒட்டுவது என்று அவரும் பழகிக்கொள்ளட்டும்.